கிட் காருக்கு ஆயில் சம்ப் வாங்கப் போகிறீர்களா? முதலில் டேப்பை எடுங்கள்

என் ஷெட்டின் கீழ்த்தட்டில், பாகங்களை வாங்கி நானே கட்டிய கிட் காருக்காக வாங்கிய இரண்டு ஆயில் சம்ப் (என்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) கிடக்கின்றன. ஒன்றின் அடிப்பாகம் நசுங்கியிருக்கும். இன்னொன்றில் ஒரு கீறல்கூட இருக்காது, பார்த்தால் புதுசு மாதிரி. என் என்ஜினைக் கெடுத்தது அந்தப் புதுசுதான். மூன்றாவதாக வாங்கியது இப்போது காரில் இருக்கிறது, ஒழுகாமல், உரசாமல்.

முதல் இரண்டையும் வாங்கும்போது நான் பார்த்தது ஒன்றே ஒன்று: போல்ட் துளைகள் பொருந்துகின்றனவா? பொருந்தின. ஆனால் துளை பொருந்துவது ஆரம்பம் மட்டும்தான். சம்ப் என்பது என்ஜினின் அடியை மூடும் மூடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அதன் வேலை, கார் எந்தப் பக்கம் திரும்பினாலும் எண்ணெயை, ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயான பிக்கப் பைப்பின் வாய்க்கு அடியிலேயே பிடித்து வைத்திருப்பது. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். வரிசையை மாற்றினால் காசு போகும்.

(மெக்கானிக்குகள் பலர் இதைச் 'சேம்பர்' என்பார்கள், சிலர் 'ஆயில் பேன்' என்பார்கள். எல்லாம் ஒன்றுதான்.)

1. என்ஜின் எது என்பதை உறுதி செய்யுங்கள்

விற்றவர் சொன்ன பெயரை நம்பாதீர்கள். பிளாக்கில் அடித்திருக்கும் என்ஜின் குறியீட்டு எண்ணைத் துணியால் துடைத்துப் படியுங்கள், படம் எடுத்து வையுங்கள். ஒரே பெயரில் வந்த என்ஜின் வெவ்வேறு கார்களில் வெவ்வேறு சம்ப்போடு வந்திருக்கும். ஒன்றில் தகட்டு இரும்பு, இன்னொன்றில் வார்ப்பு அலுமினியம். ஒன்றில் பள்ளம் முன்பக்கம், இன்னொன்றில் பின்பக்கம்.

அடுத்து, அந்த என்ஜின் முன்பு எப்படிப் படுத்திருந்தது என்று பாருங்கள். முன்சக்கர இழுவைக் காரில் குறுக்குவாட்டில் இருந்ததா, பின்சக்கர இழுவைக் காரில் நெடுக்குவாட்டில் இருந்ததா, அல்லது பைக்கிலிருந்து வந்ததா? ஃபோர்டு ஜீடெக், டியூராடெக் போன்றவை கிட் கார்களில் அதிகம். இவை பெரும்பாலும் குறுக்குவாட்டில் ஓடிய என்ஜின்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ஜின் பிறப்பிலிருந்தே நெடுக்குவாட்டில் இருப்பது. இந்த ஒரு கேள்விக்கான பதில்தான் 3ஆம் படியில் பாதி முடிவைச் செய்துவிடும்.

2. காருக்கு அடியில் போய் அளங்கள்

என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேஸிஸில் உட்காரவைத்த பிறகுதான் இது நடக்கும். பெயின்ட் அடிக்கும் முன் செய்யுங்கள். பளபளவென்று பெயின்ட் அடித்த சேஸிஸில் ஒரு பிராக்கெட்டை அறுத்து மாற்ற யாருக்கும் மனசு வராது. நான் அந்தத் தப்பையும் செய்திருக்கிறேன்.

எடுக்க வேண்டிய அளவுகள்:

பிளாக்கின் அடித்தளத்திலிருந்து சேஸிஸ் கீழ்க்குழாய் வரை எவ்வளவு இறக்கம். முன்னால் ஸ்டியரிங் ரேக் அல்லது குறுக்குச் சட்டம் எங்கே வருகிறது. பக்கவாட்டில் எக்ஸாஸ்ட் குழாயும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன. என்ஜின் ரப்பர் மவுன்டின் மேல் ஆடும் என்பதை மறக்காமல் சுற்றிலும் 10 முதல் 15 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

தரையிலிருந்து உயரம் அளக்கும்போது வெறும் காரை அளக்காதீர்கள். டயரில் சரியான காற்று, டாங்க்கில் பெட்ரோல், இரண்டு சீட்டிலும் ஆள் எடைக்கு மணல் மூட்டை. இவ்வளவும் வைத்துவிட்டு அளங்கள். அப்போது 100 மி.மீ. இருக்கிறது என்று வையுங்கள். சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது 60 மி.மீ. கீழே வரும் என்றால், ஒரு குழியில் விழுந்த நொடியில் உங்களிடம் மிச்சம் 40தான். என் முதல் சம்ப் சேஸிஸுக்குக் கீழே 6 செ.மீ. தொங்கியது. நின்றிருக்கும் காரில் பார்த்தால் தாராளமாகத் தெரிந்தது. இரண்டாவது வாரம், மிக மெதுவாக ஏறிய ஒரு வேகத்தடையில், அடியில் 'டங்' என்று ஒரு சத்தம்.

இன்னொன்று: பெல் ஹவுசிங்கின் (என்ஜினோடு சேரும் கியர்பாக்ஸ் கூடு) அடிவிளிம்பு எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஃப்ளைவீலும் கிளட்ச்சும் உள்ளே இருப்பதால் அதை அவ்வளவு எளிதில் மேலே ஏற்ற முடியாது. சம்ப்பின் அடி அதற்குச் சமமாக இருந்தால் போதும். அதையும் தாண்டிச் சம்ப்பைச் சுருக்கினால் எண்ணெய் குறையும், தரை இடைவெளி அதிகமாகாது.

3. எண்ணெய் எந்தப் பக்கம் ஓடும்?

எனக்கு யாரும் சொல்லாமல் விட்டது இதுதான். ஒரு தட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு வேகமாகத் திரும்பிப் பாருங்கள். தண்ணீர் ஒரு பக்கமாக ஏறும். சம்ப்பில் நடப்பதும் அதுவே. வளைவில் பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் பாதி அளவு இருந்தால் எண்ணெயின் மேற்பரப்பு சுமார் 27 டிகிரி சாயும். 0.8 மடங்கு என்றால் 39 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே. சமமாக, அதாவது 1 ஜி ஆனால், 45 டிகிரி. எடை குறைந்த கிட் காரில் நல்ல டயர் போட்டால் 1 ஜி பெரிய விஷயமே இல்லை. 45 டிகிரி சாய்ந்த எண்ணெயில் பிக்கப் பைப்பின் வாய் எங்கே இருக்கும் என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். எனக்கு அந்தப் படம்தான் எல்லாவற்றையும் புரியவைத்தது.

வாய் காற்றில் நின்றால் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும். 6,000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) நொடிக்கு 100 சுற்று சுற்றுகிறது. நீளமான ஒரு வளைவில் இரண்டு நொடி எண்ணெய் இல்லை என்றால், 200 சுற்று பேரிங்குகள் வறண்டு ஓடுகின்றன.

குறுக்குவாட்டு என்ஜினைத் திருப்பி நெடுக்குவாட்டில் வைக்கும்போது இதில் ஒரு சிக்கல் சேர்கிறது. பழைய காரில், வளைவில் எண்ணெய் என்ஜினின் நீளவாக்கில் ஓடியது. பிரேக் போடும்போது அகலவாக்கில் ஓடியது. கம்பெனி அதற்குத் தகுந்தபடிதான் உள்ளே தடுப்புத் தகடுகளை வைத்திருக்கும். நீங்கள் என்ஜினை 90 டிகிரி திருப்பியதும் இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. வளைவில் அகலவாக்கில் ஓடும், பிரேக்கில் நீளவாக்கில் ஓடும். தடுப்புத் தகடு இருக்கிறது, ஆனால் தப்பான பக்கத்தைக் காவல் காக்கிறது.

பைக் என்ஜின் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பைக் வளைவில் சாயும். அதனால் எண்ணெய் மீதான மொத்த விசை எப்போதும் சம்ப்பின் அடியை நோக்கியே இருக்கும். பைக் கம்பெனி பக்கவாட்டு ஓட்டத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதே இல்லை. அதே சுசுகி ஹயபுசா என்ஜினைச் சாயாத காரில் வைத்தால் கதை மாறிவிடும். பேஃபிள், அதாவது எண்ணெய் ஓடாமல் தடுக்கும் தகடு, இல்லாத பைக் சம்ப்போடு காரை வேகமாக வளைக்காதீர்கள். நல்ல டயரோடு ட்ராக்கில் ஓட்டுகிறவர்கள் பலர் பேஃபிளையும் தாண்டி டிரை சம்ப்புக்கே (அது என்ன என்று 4ஆம் படியில் வரும்) போகிறார்கள்.

சரி, நல்ல பேஃபிள் எப்படி இருக்கும்? பிக்கப் வாயைச் சுற்றி நான்கு சுவர் போட்ட ஒரு பெட்டி. சுவர்களில் சின்னக் கதவுகள், உள்ளே மட்டும் திறக்கும். எண்ணெய் உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. மேலே ஒரு தகட்டு மூடி. எண்ணெய் சுவரேறி கிராங்க்கைத் தொடாமல் அது தடுக்கும். கிராங்க் எண்ணெயை அடித்தால் நுரை வரும், பவரும் போகும். வாங்கும்போது அந்தக் கதவுகளை விரலால் தள்ளிப் பாருங்கள். தானாகத் திரும்பி மூடிக்கொள்ள வேண்டும். ஒரு கதவு சிக்கிக்கொண்டு நின்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

4. எந்த வகை?

அசல் தகட்டு இரும்புச் சம்ப்: மலிவு. அடிபட்டால் நசுங்கும், சட்டென்று உடையாது. வெட்டி ஒட்டலாம்.

வார்ப்பு அலுமினியம்: விறைப்பானது, கியர்பாக்ஸையும் தாங்கிப் பிடிக்கும், சூட்டை நன்றாக வெளியே விடும். கல்லில் பலமாக மோதினால் விரிசல் விடும்; எண்ணெய் மொத்தமும் ரோட்டில் போகும். எண்ணெய் ஊறிய பழைய வார்ப்பு அலுமினியத்தை வெல்டிங் செய்தால் துளைத் துளையாக வருவது சகஜம். 'விரிசல் இருக்கு, வெல்டு வைத்துக்கொள்ளலாம்' என்று யாராவது விலை குறைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

சுருக்கி இறக்கை வைத்தது: ஆழத்தைக் குறைத்து, குறைந்த எண்ணெய்க்குப் பதிலாகப் பக்கவாட்டில் பெட்டி வைத்திருப்பார்கள். ரோட்டில் ஓடும் பெரும்பாலான கிட் கார்களுக்கு, பேஃபிளோடு சேர்ந்த இதுதான் என் சிபாரிசு. இறக்கை எக்ஸாஸ்ட்டைத் தொடுகிறதா என்று மட்டும் 2ஆம் படி அளவோடு ஒப்பிடுங்கள்.

டிரை சம்ப்: எண்ணெய் தனி டாங்க்கில் இருக்கும், கூடுதல் பம்ப் அடியிலிருந்து உறிஞ்சி மேலே அனுப்பும். சம்ப் வெறும் தட்டுபோல் ஆகிவிடுவதால் என்ஜினையே கீழே இறக்கலாம். பம்ப், டாங்க், தடித்த ஹோஸ்கள், பெல்ட் எல்லாம் சேர்த்தால், பழைய என்ஜின் ஒன்றை வாங்கிய விலையைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. ட்ராக்கில் அடிக்கடி ஓட்டாதவர்களுக்குத் தேவையில்லை.

5. லிட்டர் கணக்கு

எளிய பெருக்கல்தான். சம்ப்பின் பள்ளம் 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் என்றால் பரப்பு 600 சதுர செ.மீ. ஆழத்தில் 5 செ.மீ. வெட்டினால் 3,000 கன செ.மீ., அதாவது 3 லிட்டர் போய்விடும். 4 லிட்டர் கொள்ளும் என்ஜினுக்கு இது விளையாட்டு இல்லை. விற்பவர் 'கொள்ளளவு மாறாது' என்று சொன்னால், இறக்கையின் நீள அகல உயரத்தைப் பெருக்கிக் காட்டச் சொல்லுங்கள். அசல் அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அரை லிட்டர் கூடுதலாக இருந்தால் நல்லது.

6. பிக்கப் பைப்: என் என்ஜின் போன இடம்

சம்ப்பை மாற்றினால் பிக்கப் பைப்பையும் மாற்ற வேண்டும். இரண்டும் ஜோடி. என் இரண்டாவது சம்ப் சுருக்கியது, அழகான வேலை. அதோடு பிக்கப் வரவில்லை. பழைய பைப்பையே வைத்தேன், சம்ப் இடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்தது, போல்ட் எல்லாம் முறுக்கினேன். ஐடிலில் பிரஷர் நன்றாக இருந்தது. வேகம் ஏறினால் முள் இறங்கியது. மீட்டர் கெட்டுப்போச்சு என்று நினைத்து மீட்டரை மாற்றினேன்! மூன்றாவது நாள் கீழிருந்து 'டொக் டொக்' சத்தம். பிரித்துப் பார்த்தால் பிக்கப் முனையில் இருக்கும் சல்லடையான ஸ்ட்ரெய்னரின் வாய்க்கும் சம்ப் தரைக்கும் நடுவில் 2 மி.மீ.கூட இல்லை. குறைந்த வேகத்தில் அந்தச் சந்து வழியே வந்த எண்ணெய் போதுமானதாக இருந்திருக்கிறது. வேகம் கூடியபோது போதவில்லை. பிக்-எண்ட் பேரிங்குகள் செம்பு நிறம் தெரியத் தேய்ந்திருந்தன.

பொதுவாக 6 முதல் 10 மி.மீ. இடைவெளி வேண்டும். அளப்பதற்குக் குழந்தைகள் விளையாடும் களிமண் போதும். ஸ்ட்ரெய்னர் வாயில் ஒரு உருண்டை ஒட்டுங்கள், கேஸ்கெட்டை வைத்து, சீலன்ட் (ஒழுகலை அடைக்கும் பசை) இல்லாமல் சம்ப்பை நாலு போல்ட்டில் மாட்டிக் கழற்றுங்கள். நசுங்கிய களிமண்ணைக் கத்தியால் குறுக்கே வெட்டி அதன் தடிமனை அளங்கள். பிறகு ஒரு துணுக்குக்கூட இல்லாமல் சுத்தம் செய்யுங்கள்.

பைப் பம்ப்போடு சேரும் இடத்தில் ஓ-ரிங் இருந்தால் புதியது போடுங்கள். அது வெடித்திருந்தால், எண்ணெய் நிறைய இருந்தும் பம்ப் காற்றை இழுக்கும். நீளமான பைப்புக்கு ஒரு தாங்கு பிராக்கெட்டும் வேண்டும். இல்லாவிட்டால் அதிர்வில் முறியும்.

7. பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை, வாங்க வேண்டிய காகிதங்கள்

அளவுகள் போட்ட வரைபடம் ஒன்று கேளுங்கள்: ஆழமான முனையிலும் ஆழம் குறைந்த முனையிலும் இறக்கம், பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது, ட்ரெயின் பிளக் (எண்ணெயை வடிக்கும் திருகு மூடி) எந்தப் பக்கம். 'எல்லா காருக்கும் பொருந்தும்' என்பது பதிலாகாது. எந்த என்ஜின் குறியீட்டு எண், எந்த கியர்பாக்ஸ் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பிக்கப், கேஸ்கெட், டிப்ஸ்டிக் (எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி), போல்ட் எவை சேர்ந்து வரும், எவை வராது என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

திருப்பிக் கொடுக்கும் விதியைக் கூர்ந்து படியுங்கள். சீலன்ட் பட்டுவிட்டால் பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டார்கள். எனக்கு விற்றவரும் எடுக்கவில்லை. அது அவர் விதியிலேயே இருந்தது, படிக்காதது நான்தான். ஆகவே பார்சல் வந்த அன்றே, பாலித்தீன் தாளை நடுவில் வைத்துப் பொருத்திப் பார்த்துவிடுங்கள்.

பில்களைக் கோப்பில் வையுங்கள். வீட்டில் கட்டிய காரைப் பதிவு செய்ய முக்கிய பாகங்களின் பில்லையும் கட்டுமானப் படங்களையும் கேட்கும் நாடுகள் உண்டு. ஆய்வு நாளில் அடியில் எண்ணெய் சொட்டினால் அதுவும் வம்பு. அதனால் சம்ப் வேலையை ஆய்வுக்கு முந்தின வாரம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

8. செலவும் நாளும்

சம்ப்பின் விலையை மட்டும் பார்த்துப் பட்ஜெட் போட்டால் இடிக்கும். பிக்கப், ஓ-ரிங், கேஸ்கெட் அல்லது சீலன்ட், நீளம் மாறிய போல்ட்கள், ட்ரெயின் பிளக் வாஷர், அனுப்பும் செலவு. அப்புறம் எண்ணெயும் ஃபில்டரும் இரண்டு தடவை, ஏனென்றால் முதல் எண்ணெயைச் சில மணி நேர ஓட்டத்திலேயே வடித்துவிடுவது நல்லது. இவை எல்லாம் சேர்ந்து என் கணக்கில் சம்ப்பின் விலையில் பாதியைத் தாண்டின.

என்ஜின் ஸ்டாண்டில் தலைகீழாக இருந்தால் மாட்டுவது ஒரு மாலை வேலை. காரில் இருந்தபடியே என்றால் இரண்டு நாள் ஒதுக்குங்கள். பட்டறையில் அளவு கொடுத்துச் செய்யச் சொன்னால் வாரக்கணக்கில் ஆகும். சொன்ன தேதியில் வரும் என்று மற்ற வேலைகளைத் திட்டமிடாதீர்கள்.

9. மாட்டுமுன் ஒரு ஒத்திகை

வெல்டிங் செய்த சம்ப் என்றால், வெல்டு ஓரத்தில் வெளிப்பக்கம் சாக்பீஸைத் தேயுங்கள். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் வெள்ளையில் ஈரக்கோடு தெரிந்தால் அங்கே ஒழுகல். புதுச் சம்ப்பாக இருந்தாலும் உள்ளே வெல்டிங் பொறி, இரும்புத்தூள் ஒட்டியிருக்கும். தேய்த்துக் கழுவுங்கள்.

ஃப்ளேஞ்சை, அதாவது போல்ட் துளைகள் இருக்கும் விளிம்பை, தடித்த கண்ணாடிமேல் கவிழ்த்து வையுங்கள். வார்ப்புச் சம்ப்பின் அடியில் 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் (சந்தை அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைந்தால் சமன் செய்ய வேண்டும். தகட்டு இரும்பில் போல்ட் துளைகளைச் சுற்றிக் குழிந்திருக்கும். அடியில் மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டினால் சரியாகும்.

பேஃபிள் உள்ளதென்றால் சீலன்ட் இல்லாமல் மாட்டிவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கனெக்டிங் ராடு எங்காவது தட்டினால் கையிலேயே தெரியும்.

கியர்பாக்ஸும் சேர்ந்து போல்ட் ஆகும் அலுமினியச் சம்ப்பாக இருந்தால், பிளாக்கின் பின்முகத்தில் ஒரு நேர்க்கோலை வைத்து, சம்ப்பின் பின்முகம் அதற்குச் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே துருத்திக்கொண்டிருக்கும்போது பெல் ஹவுசிங்கை முறுக்கினால் சம்ப் விரிசல் விடும்.

10. மாட்டுவது

இரண்டு முகங்களிலும் எண்ணெய்ப் பிசுக்கே இருக்கக் கூடாது. சீலன்ட் 3 மி.மீ. தடிமனில் ஒரே கோடாக, போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாகப் போகட்டும். டைமிங் கவர் சேரும் மூலையிலும், பின் ஆயில் சீல் ஹவுசிங் சேரும் மூலையிலும் மட்டும் கொஞ்சம் அதிகம் வையுங்கள். ஒழுகல் எப்போதும் அங்கேதான் ஆரம்பிக்கும். அளவுக்கு மீறி அப்பினால் உள்பக்கம் பிதுங்கி, அறுந்து விழுந்து, ஸ்ட்ரெய்னரை அடைக்கும்.

போல்ட்களை நடுவிலிருந்து வெளியே, எதிரெதிராக, இரண்டு சுற்றில் முறுக்குங்கள். எம்6 போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டரைத் தாண்ட வேண்டாம். உங்கள் என்ஜின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. கார்க் கேஸ்கெட்டில் பலத்தைக் காட்டினால் கேஸ்கெட் பிதுங்கிக் கிழியும். சீலன்ட் போட்டிருந்தால் 24 மணி நேரம் தொடாதீர்கள். நான் நாலு மணி நேரத்தில் எண்ணெய் ஊற்றினேன். மறுபடி கழற்றினேன்.

11. டிப்ஸ்டிக்கும் முதல் ஸ்டார்ட்டும்

புதிய சம்ப்புக்குப் பழைய டிப்ஸ்டிக் கோடு பொய் சொல்லும். கார் சமதளத்தில் நிற்கட்டும். கொள்ளளவில் ஒரு லிட்டர் குறைத்து ஊற்றுங்கள். ஸ்பார்க்கும் பெட்ரோலும் துண்டித்த நிலையில், பிரஷர் முள் எழும்பும் வரை ஸ்டார்ட்டரை 10 நொடி, 10 நொடியாக விட்டுவிட்டுச் சுற்றுங்கள். முள் எழாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிறகு ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு, நிறுத்தி, 10 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் கீழ்க்கோடு கீறுங்கள். மிச்ச ஒரு லிட்டரை ஊற்றி மேல்கோடு கீறுங்கள்.

கம்பெனி எச்சரிக்கை விளக்கை நம்பி ஓட்ட வேண்டாம். பல கார்களில் அது 0.5 பார் அல்லது அதற்கும் கீழே போன பிறகுதான் எரியும். அந்த நேரத்தில் வேகமாக ஓடும் பேரிங் ஏற்கெனவே வறண்டிருக்கும். 1.4 பார் அளவில் எரியும் சுவிட்ச் ஒன்றும், நல்ல பெரிய விளக்கு ஒன்றும் தனியாகப் போடுங்கள். ஐடிலில் சூடான என்ஜினில் அது மினுக்கலாம், பரவாயில்லை.

கடைசிச் சோதனைக்குப் பக்கத்து சீட்டில் ஒரு ஆளை உட்காரவைத்து, ரோட்டைப் பார்க்காமல் பிரஷர் மீட்டரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மூடிய இடத்தில், நீளமான வளைவில், முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம், அப்புறம் நேராக ஓட்டி ஒரு கடும் பிரேக். எண்ணெய் மேல்கோட்டில் இருக்கும்போது ஒரு தடவை, கீழ்க்கோட்டில் இருக்கும்போது இன்னொரு தடவை. எனக்கு வலப்பக்கம் முள் அசையவில்லை. இடப்பக்கம், கீழ்க்கோட்டில் மட்டும், லேசாகத் துடித்தது. வீட்டுக்கு வந்ததும் பழைய கீழ்க்கோட்டை அரத்தால் அழித்துவிட்டு, கால் லிட்டர் மேலே புதிதாக ஒன்று கீறினேன்.